இரண்டு பக்கமும் இறக்கம்

வெங்கச்சிமேட்டு நடைபாதைகள் எல்லாம் இரண்டு பக்கமும் இறக்கமாகிப்போனது ஓர் ஐப்பசியில், அடைமழை விட்ட மறுநாள். அதை முதலில் கண்டுபிடித்தது யார் என்பதில் எங்களுக்குள் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. சிலிண்டர் தூக்குகிற பாபு தான்தான் என்கிறான். கீழே பஸ் நிற்கிற இடத்திலிருந்து சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பியவன், வழக்கமாக நின்று பீடி பிடிக்கிற வளைவில் நிற்க மறந்து, அடுத்த வளைவிலும் மறந்து, பீடிக்கட்டைப் பிரிக்காமலே மேலே இருக்கிற வரிசை வீடுகளில், உச்சி லைனில் போய் நின்றானாம். பால் ஊற்றுகிற கெஜலட்சுமியோ, அன்று விடியற்காலையிலேயே தன் கால் தன்னைக் கேட்காமல் ஓடியதாகவும், உச்சி லைன் ஜனங்கள் எழுந்திருப்பதற்கு முன்பே பால் போய்ச் சேர்ந்ததாகவும் சத்தியம் செய்கிறாள். என் கட்சி ஆடுகள். ஏறிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்து இறங்கிக்கொண்டிருந்ததில் அவற்றுக்குப் பெரிய மனவருத்தம், அன்று முழுக்க ஒன்றுகூட இலையைக் கடிக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். அடி லைனிலிருந்து உச்சி லைனுக்குப் போனால் வழி நெடுக இறக்கம். போய்ச் சேர்ந்து திரும்பினால், வந்த வழியே மறுபடியும் வழி நெடுக இறக்கம். மலை தன் உயரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. உச்சியில் நின்றால் பழையபடி மேகம் காலுக்குக் கீழேதான் கிடந்தது, சமவெளியில் பாசஞ்சர் வண்டி மரவட்டை மாதிரி ஊர்ந்தது, ஓடைகள் நேற்று விழுந்த பக்கமே இன்றும் விழுந்தன. ஓர் எலுமிச்சம்பழத்தைப் பாதையில் வைத்தால், நாம் எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கிறோமோ அந்தப் பக்கம் உருண்டது. இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் பழம் குழம்பிப்போய் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. பாதையை விட்டு ஓரடி விலகிப் புல்லில் கால் வைத்தால் மலை மலையாகவே இருந்தது, தொடை நடுங்கியது. ஜீப் போகிற தார்ச்சாலையும் மாறவில்லை, அது காண்ட்ராக்டர் போட்டது. சுரங்கத்துக்குப் போய்ப் போய் எங்கள் ஆட்கள் காலாலேயே போட்ட பாதைகள் மட்டும்தான் இப்படி ஆயின.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்த மலையில் வெங்கச்சங்கல் பாளம் பாளமாக வெள்ளை வெளேரென்று ஓடுகிறது, அந்தக் கல்லுக்குள் தங்கம் இருக்கிறது என்று வெள்ளைக்காரன் வந்தான், தோண்டினான், இருந்ததை எடுத்துக்கொண்டு போனான், அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் மிச்சத்தையும் சுரண்டிவிட்டு மூடினார்கள். எங்களுக்கு மிஞ்சியது இடிந்த புகைபோக்கி ஒன்று, கம்பி போட்டு அடைத்த குழி வாய்கள், இங்கிலீஷ் பெயர் எழுதிய கல்லறைகள், பிறகு இந்தப் பாதைகள். மருந்துக் கிடங்குக்குப் போகிற வெடிப் பாதை, சங்கு ஊதினால் ஓடுகிற சங்குப் பாதை, கழுதைப் பாதை, ஊரின் இரண்டு லைன் வீடுகளையும் இணைத்து ஆழக்குழிவரை போகிற நாலாம் நம்பர் பாதை. மலை நடக்கிறவர்கள் முதுகில் பையும் கையில் குச்சியுமாக எங்கிருந்தெல்லாமோ வர ஆரம்பித்த பிறகு, பாறைகளில் சிவப்பும் மஞ்சளுமாக அம்புக்குறி போட்டு, எங்கள் ஆட்களே வழிகாட்டியாகப் போய், எங்கள் பெண்களே சோறு ஆக்கிப் போட்டு, செத்துப்போன ஊர் என்று எல்லோரும் கைவிட்ட ஊர் அந்தப் பாதைகளால்தான் பிழைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் மரியாதை என்றால் ஏற்றம். ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே வந்தால், ஏறுகிறவருக்குத்தான் வழி. இறங்குகிறவர் பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்று, கையில் தண்ணீர் இருந்தால் ஒரு வாய் கொடுத்து, ஏறுகிறவர் தாண்டிய பிறகுதான் நகரலாம். முதுகில் மரச்சட்டமும் கூடையுமாக ஏறி வந்தவர்களுக்காக ஏற்பட்ட வழக்கம் அது. அப்புறம் அதுவே எல்லாவற்றுக்கும் ஆகிப்போனது. கல்யாணத்துக்கு அழைக்க வேண்டுமா, சாவுக்குத் துக்கம் கேட்க வேண்டுமா, சண்டை போட்டவரிடம் சமாதானம் பேச வேண்டுமா, ஏறிப்போய் மூச்சு வாங்க வாசலில் நிற்க வேண்டும். இறங்கி வந்து அழைப்பது அழைப்பில்லை, கல்கூட உருண்டு வரும் என்பார்கள். உச்சி லைன்காரர்கள் அடி லைன்காரர்களை அழைப்பதற்கு அடி லைனைத் தாண்டி ஓடைவரை இறங்கிப்போய், அங்கிருந்து திரும்பி ஏறி வந்துதான் கதவைத் தட்டுவார்கள். இவர்கள் தாண்டிப் போவதை அடி லைனே வாசலில் நின்று பார்த்தாலும் பார்க்காத மாதிரி உள்ளே போய்விடும். பத்திரிகையைப் போனில் அனுப்பிய ஒரு பி.இ. படித்த மாப்பிள்ளையின் கல்யாணத்தில் பந்திக்கு ஆள் இல்லாமல் போன கதையை இன்னும் பேசுகிறோம்.

இந்த வழக்கத்தில் மாட்டிக்கொண்டவர் கோதண்டம். ஆழக்குழியில் பாறையில் துளைபோடுகிற வேலை பார்த்தவர், நெஞ்சு முழுக்கக் கல்தூசி. இப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் தூசிக்காரர்கள் என்போம். சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூச்சு விசில் அடிக்கும், இரண்டு படி ஏறினால் உதடு நீலமாகிவிடும். ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸுக்கும் பக்கமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் கோதண்டம் அடி லைனில் ஒரு வீடு பிடித்தார், அது சரி. ஆனால் மனைவி அம்சவேணி மலை நடக்கிறவர்களுக்குச் சோறு ஆக்க ஆழக்குழிப் பக்கம் போயிருந்த நாளாகப் பார்த்து, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கட்டில், அம்மி, பாத்திரம், அவள் புடவைப் பெட்டி எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டார். கேட்டால் வேண்டாம் என்பாள், வீணாக வாக்குவாதம் வரும், வாக்குவாதம் வந்தால் மூச்சு வாங்கும் என்பது அவர் யோசனை. சாயங்காலம் உச்சி லைனுக்கு வந்து காலி வீட்டைப் பார்த்த அம்சவேணி, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னாள்.

"வேணும்னா ஏறி வந்து கூப்புடட்டும். அப்ப வர்றேன்."

சொல்லிவிட்டு அந்தக் காலி வீட்டிலேயே இரண்டு பெஞ்சு போட்டு மெஸ் ஆரம்பித்துவிட்டாள். எட்டொன்பது வருஷம் ஓடிப்போனது. அவர் ஏற முடியாதவர் என்று அவளுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும், ஆனாலும் வார்த்தை வாயை விட்டு வந்துவிட்டது, அதை எங்கள் ஊரில் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை. ஒரு தடவை கோதண்டம் ஜீப்பில் போனார். அம்சவேணி ஒரு சொம்புத் தண்ணீரோடு வெளியே வந்தாள், அவரைத் தாண்டிப் போனாள், "ஏறி வந்தது இதுதானே, இதுக்கு மொதல்ல தண்ணி குடுப்போம்" என்று டிரைவரைக் கூப்பிட்டு பானட்டைத் திறக்கச் சொல்லி ரேடியேட்டரில் ஊற்றினாள். அவர் அதே ஜீப்பில் இறங்கினார். இன்னொரு தடவை அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் இறங்கி வந்து கட்டில் பக்கத்தில் வாரம் முழுக்க உட்கார்ந்திருந்தாள், கஞ்சி ஊட்டினாள், மேலுக்குத் துடைத்துவிட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கி வந்ததால் அது கணக்கில் சேரவில்லை.

அப்படிப்பட்ட ஊரில்தான் ஏற்றம் காணாமல் போனது.

முதலில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. முட்டிவலிக்காரர்கள் முட்டியை மறந்தார்கள், நிறைமாதக்காரி ஒருத்தி புகைபோக்கியைப் பார்க்கணும் என்று கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் பெடலைத் தொடாமல் போய்ப் பெடலைத் தொடாமல் வந்தார்கள், வேலையில்லாதவர்கள் எல்லாம் காரணமே இல்லாமல் உச்சிக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு அடிக்கு வந்து ஒரு டீ குடித்தார்கள், நானும்தான். ஓடுகிற ஆசை வயது பார்க்காமல் எல்லோருக்கும் வந்தது. பாதையில் யாரைப் பார்த்தாலும் வாயெல்லாம் பல்லாக வந்தார்கள். முக்கியமாகத் தூசிக்காரர்கள். வருஷக்கணக்காக வாசலைத் தாண்டாத ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பினார்கள், தாங்கள் வேலை பார்த்த குழிகளின் வாயில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள், அங்கேயே உட்கார்ந்து மாங்காய்ப் பத்தை வாங்கித் தின்றார்கள். அவர்கள் மூச்சு மட்டும் மாறவில்லை, அதே விசில்தான். ஆனால் விசில் அடித்துக்கொண்டே மலை முழுக்கத் திரிந்தார்கள்.

மலை நடக்கிறவர்களுக்குத்தான் தாங்கவில்லை. கூட்டம் முதலில் இரண்டு மடங்கானது, பட்டுப்புடவையும் கைக்குழந்தையுமாகக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஆனால் குச்சியும் தடித்த பூட்ஸுமாக வருகிற அசல் ஆசாமிகள் முகம் தொங்கிப்போனார்கள். கஷ்டப்படத்தான் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறோம், கால் வலியே இல்லாமல் எப்படி ஊருக்குத் திரும்புவது, ஆபீசில் என்னவென்று சொல்வது என்று எங்கள் வழிகாட்டி எட்வினைப் பிடித்துக்கொண்டார்கள். எட்வின் முப்பது வயதுப் பையன், கெட்டிக்காரன். ஆளுக்கு நாலு வெங்கச்சங்கல்லை எடுத்து அவர்கள் பையில் போட்டு, "இப்ப நடந்து பாருங்க சார்" என்றான். முதுகு வலித்ததும் அவர்களுக்குத் திருப்தியாகிவிட்டது, கல்லைக் கையோடு ஊருக்கும் எடுத்துப்போனார்கள்.

சந்தோஷத்தில் முதல் கல் விழுந்தது பாதையிலேயே. டிராலி வரப்பு என்று ஓர் இடம் உண்டு, நாலாம் நம்பர் பாதையின் நடுவில். அந்தக் காலத்தில் கல் ஏற்றிய டிராலி ஓடுவதற்காகச் செங்குத்துப் பாறையில் வெட்டிய வரப்பு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் அதலபாதாளம், ஓர் ஆள் நடக்கலாம். இன்னொருவர் பாறையோடு மார்பை ஒட்டிக்கொண்டு நின்றால்தான் எதிரே வருகிறவர் போக முடியும். இப்போது எதிரெதிரே வருகிற இரண்டு பேரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருமே மரியாதையாகப் பாறையோடு ஒட்டிக்கொண்டு, "நீங்க போங்க" என்றார்கள். "இல்ல, நீங்க போங்க, நான் எறங்குறவன்." "நானும் எறங்குறவன்தான்." ஒட்டிக்கொண்டவர்கள் ஒட்டிக்கொண்டே நின்றார்கள். பின்னால் வந்தவர்களும் ஒட்டிக்கொண்டார்கள். பெண் அழைத்து வந்த ஒரு கூட்டம் காலையில் வரப்பில் கால் வைத்து, எதிரே வந்த தபால்காரருக்கு வழிவிட்டு நின்று, தபால்காரர் அவர்களுக்கு வழிவிட்டு நின்று, முகூர்த்தம் தவறி, சீர்வரிசை லட்டு முழுக்க அங்கேயே தீர்ந்தது.

அழைப்புகளும் அந்தரத்தில் நின்றன. "சுகமா எறங்கி வந்துட்டு பத்திரிகைய நீட்டுறான் பாரு" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். சிலர் பாதையை விட்டு முள்ளிலும் பாறையிலும் ஏறி, கால் கை கிழிந்து போய் நின்றார்கள். சிலர் வீட்டுக்குப் பத்தடி முன்னால் நின்ற இடத்திலேயே குதித்துக் குதித்து மூச்சை வாங்க வைத்துக்கொண்டு கதவைத் தட்டினார்கள், உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். துக்கம் கேட்கப் போனவர் சந்தோஷமாக வந்து சேர்ந்ததில் ஒரு வீட்டில் அடிதடியே நடந்தது.

ஊர்க்கூட்டம் போட்டோம், சுரங்கத்துக்குப் போகிறவர்கள் விளக்கு வாங்கிய பழைய விளக்கறையில். உச்சிப் பக்கம் போகிறவரை ஏறுகிறவர் என்றே வைத்துக்கொள்வோம், தீர்ந்தது சண்டை, என்றான் எட்வின். சிலிண்டர் பாபுகூட அதுதான் சரி என்றான். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஏறாதவனை எப்படி ஏறுகிறவன் என்பது, குழிக்குள்ளே ஒருத்தன் பொய்க்குரல் கொடுத்தால் மேலே கயிறு இழுக்கிறவன் இழுப்பான், ஆள் செத்துப்போவான், இருக்கிறதை இருக்கிறபடிதான் சொல்லணும் என்று ஒரே பிடியாகப் பிடித்தார்கள். கூட்டம் முடிவில்லாமல் முடிந்தது. கலைந்து போகும்போதும் வாசலில் யார் முதலில் போவது என்று கொஞ்ச நேரம் நின்றோம்.

அந்தக் கூட்டத்துக்குக் கோதண்டமும் வந்திருந்தார், ஒரு மூலையில் விசில் அடித்துக்கொண்டு. மற்ற தூசிக்காரர்கள் எல்லாம் மலையை மேய்ந்து தீர்த்த பிறகும் அவர் மட்டும் அடி லைனை விட்டு நகரவில்லை. விளக்கறை அடி லைனிலேயே இருந்தது. பக்கத்து வீட்டு எத்திராஜு, அவரும் தூசிக்காரர்தான், தினமும் அவர் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கிண்டினார்.

"இன்னா கோதண்டம், நேத்து நான் போயி சிம்னியத் தொட்டுட்டு வந்துட்டேன். உம் பொண்டாட்டி மெஸ்லதான் சாப்ட்டேன். கத்திரிக்கா கொழம்பு. நீ இன்னும் கட்டில்ல குந்திக்கினு கீற."

"போனா இன்னா சொல்லுவா தெரியுமா?" என்றார் கோதண்டம். "ஏறி வரச் சொன்னேன், சறுக்கிக்கினு வந்து நிக்கிறியேன்னுவா. ஜீப்புக்குத் தண்ணி ஊத்துனவ, பாதைக்கும் ஊத்துவா. எனக்கு இருக்கிறது ஒரே ஒரு தடவைய்யா. அத வீணாக்கச் சொல்றியா?"

"பாதை நாளைக்கே பழையபடி திரும்பிக்கிச்சின்னா?"

 அன்று முழுக்கக் கோதண்டத்துக்கு அதே நினைப்புதான். நாளைக் காலையில் எழுந்தால் பாதை மறுபடி ஏற்றமாகி இருக்கலாம், அப்புறம் இந்த ஜென்மத்தில் அவளை அவள் வீட்டு வாசலில் பார்க்க முடியாது. கணக்கில் சேராவிட்டாலும் பார்த்துவிட்டாவது வரலாமே என்று தோன்றியது. திட்டினாலும் அவள் குரலைக் கேட்கலாம். விடிந்ததும் முகச்சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கதவைப் பூட்டவில்லை. எத்திராஜு செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார், அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து தூசிக்காரர்கள், அவர்களைப் பார்த்து வேலை வெட்டி இல்லாத நாங்கள்.

கோதண்டம் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். முதல் வளைவுவரை காலைப் பார்த்துப் பார்த்து வைத்தார், எந்த நிமிஷமும் பாதை நிமிர்ந்து தன்னைத் தள்ளிவிடும் என்று பயந்தவர் மாதிரி. இரண்டாவது வளைவில் பாதை அவரை வாங்கிக்கொண்டது. கை தானாக வீசியது, சட்டை காற்றில் படபடத்தது, நெல்லி மரத்தைக் கண்டதும் இது இன்னும் இருக்குதா என்றார், சங்குக் கோபுரத்தைக் கண்டதும் இது இன்னும் இருக்குதா என்றார், ஒவ்வொன்றையும் கையால் தொட்டுவிட்டுத்தான் நகர்ந்தார், மூச்சு விசில் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பின்னால் போன எங்களுக்கும் சந்தோஷம் தொற்றிக்கொண்டது. யாரோ பாட ஆரம்பித்தார்கள், பாட்டு தெரியாதவர்கள் சும்மா கத்தினார்கள். டிராலி வரப்பு வந்ததும்தான் அடங்கினோம், ஏனென்றால் எதிரே அம்சவேணி வந்துகொண்டிருந்தாள்.

அவளும் அன்று காலையில்தான் கிளம்பியிருந்தாள். தூசிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவள் மெஸ்ஸில் சாப்பிட்டுப் போனார்கள், அவள் ஒவ்வொருவருக்கும் இலை போட்டுவிட்டு அவர் பின்னால் வாசலைப் பார்த்தாள், பின்னால் யாரும் வரவில்லை. ஊரில் இருக்கிற அத்தனை நோயாளியும் வந்தாச்சு, என் ஆளுக்கு மட்டும் கால் வரவில்லையா என்று நாளுக்கு நாள் குழம்பில் காரம் ஏறியது. அன்று அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைக் கை கழுவக்கூட விடாமல் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிட்டாள். ஏற்றம் என்று ஒன்றே இல்லாதபோது ஏறி வரச் சொன்ன வார்த்தையும் இல்லை, ஆகவே போய் நன்றாகக் கேட்டுவிட்டு வரலாம் என்பது அவள் நியாயம். அவள் பின்னால் எட்வின், எட்வின் பின்னால் பையில் கல்லோடு பதினைந்து இருபது மலை நடக்கிறவர்கள்.

வரப்பின் நடுவில் இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றார்கள். இருவருமே பாறையோடு ஒட்டிக்கொள்ளவில்லை.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் அம்சவேணி. வருஷக்கணக்குக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

 கோதண்டத்துக்கு மூச்சு மட்டும் வந்தது. விசில் அடித்து, இழுத்து, தோள் இரண்டும் ஏறி இறங்கி, வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிப்போய்ப் பெரிய மூச்சாக வந்தது. அவளைப் பார்த்த படபடப்பும் சேர்ந்துகொண்டதில் வரப்பு முழுக்க அது கேட்டது.

எட்வின்தான் முதலில் சொன்னான். "பெரிம்மா, பெரிப்பா ஏறி வர்றாரு. மூச்சு வாங்குது பாருங்க. வழி வுடுங்க."

அந்த வார்த்தை வரப்பில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஓடியது. ஏறி வர்றாரு, ஏறி வர்றாரு. எவ்வளவு நாளாக அந்த வார்த்தைக்கு ஏங்கிப்போயிருந்தோம் என்று அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. ஊரில் ஒரு மனிதருக்காவது பாதை இன்னும் ஏற்றமாக இருக்கிறது. அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும், பையில் கல் வைத்திருந்த பெங்களூர்க்காரர்கள் உட்பட, ஒரே நேரத்தில் பாறையோடு ஒட்டிக்கொண்டார்கள். யாரோ தண்ணீர் பாட்டிலைக் கை மாற்றிக் கை மாற்றி முன்னால் அனுப்பினார்கள். பாட்டில் அம்சவேணி கைக்கு வந்துவிட்டது. அவள் முகம் மாறியது. வருஷக்கணக்காக இறுக்கிப் பிடித்திருந்ததை விடுவதற்கு ஒரு சாக்குக் கிடைத்தவளின் முகம். அவளும் ஒரு தோளைப் பாறைப் பக்கம் திருப்பினாள்.

கோதண்டம் வாயைத் திறக்காமல் ஓரடி எடுத்து வைத்திருந்தால் போதும். ஏறி வந்ததாக ஆகியிருக்கும், அவள் வார்த்தையும் நின்றிருக்கும், சாயங்காலமே அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார். எத்திராஜு பின்னாலிருந்து அவர் முதுகில் விரலால் குத்தினார், நட என்று.

"ஏறலை," என்றார் கோதண்டம்.

"இன்னாது?"

"நான் ஏறி வர்ல அம்சா. எறக்கத்துலதான் வந்தேன்." கொஞ்சம் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டார். "இது ஏறுன மூச்சு இல்ல. இது கட்டில்ல குந்திக்கினு இருந்தாலும் வர்றது. ஏறுனேன்னு சொல்லி உன்னக் கூட்டினு போயி, அப்புறம் தெனம் உன் மூஞ்சிய எப்படிப் பாப்பேன். நான் சுகமா வந்தேன். வழியெல்லாம் சந்தோஷமா வந்தேன். உன்னப் பாக்கணும்னுதான் வந்தேன்."

இன்றைக்கு எங்கள் ஊரில் யார் யார் வாசலில் போய் நின்றாலும், கல்யாணம் சொல்லப் போனாலும் சமாதானம் பேசப் போனாலும், "சுகமா வந்தேன்" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள், பாதைகள் அந்தத் தையில் பழையபடி ஏற்றமாகிவிட்ட பிறகும் அப்படித்தான், நாக்குத் தள்ள ஏறி வந்தவர்கள்கூட அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அதைக் கேட்ட எங்களில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. எத்திராஜு தலையில் அடித்துக்கொண்டார். கையில் வந்த ஓர் ஏற்றத்தை இந்த மனிதன் பாதாளத்தில் தள்ளிவிட்டானே என்று எங்களுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"இன்னொண்ணும் சொல்லணும்," என்றார் கோதண்டம். "உன்னக் கேக்காம சாமானத்த ஏத்துனது தப்பு. அத அன்னிக்கே சொல்லியிருக்கணும். ஏறி வந்து சொல்ற தெம்பு இல்ல, அதனால சொல்லாமலே இருந்துட்டேன்."

அம்சவேணி பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டத்தான் போகிறாள் என்று நினைத்தோம். திட்டுகிற குரலில்தான் ஆரம்பித்தாள்.

"ஏறி வரட்டும்னு சொன்னேனே, அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கம் ஏது? இந்த மனுசன் ரோசத்துல நெஜமாவே ஏறிடுவாரோ, எந்த வளைவுல மூச்சு நின்னு கெடப்பாரோன்னு தெனம் சாவறேன். விடிஞ்சதும் வாசல்ல நின்னு கீழதான் பாக்குறது. பாதையில உங்களக் காணோம்னாதான் அடுப்பு பத்த வைப்பேன்." அவள் குரல் உடைந்தது. "ஒரு நாள் விடாம. ஏறாதீங்க, ஏறாதீங்கன்னு."

"எறங்கி வந்து ஒரு வார்த்த சொல்றதுதானே?"

"எப்படிச் சொல்றது? வார்த்தைய வுட்டுட்டேன். ஊரு பூரா கேட்டுச்சு."

அவள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் பாதாளத்தைப் பார்த்தோம், பாறையைப் பார்த்தோம், சிலிண்டர் பாபு தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான்.

கோதண்டத்தின் மூச்சு மறுபடி இழுத்தது. பிறகு அம்சவேணி பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினாள். அவர் குடித்து முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.

"சுகமாத்தான வந்தீங்க?" என்று கேட்டாள்.

"சுகமாத்தான் வந்தேன்."

"அப்ப சரி," என்றாள். "சாப்புட வாங்க."

சொல்லிவிட்டு அவள் திரும்பினாள். வரப்பில் ஒருவர் திரும்பினால் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் திரும்பியாக வேண்டும். எட்வின் திரும்பினான், பெங்களூர்க்காரர்கள் கல் மூட்டையோடு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, பயந்து பயந்து, ஒவ்வொருவராகத் திரும்பினார்கள், அவர்கள் அத்தனை பேரும் முன்னால் நடக்க, அவர்களுக்குப் பின்னால் அம்சவேணி, அவளுக்குப் பின்னால் கோதண்டம், அப்புறம் நாங்கள். அவள் ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பவில்லை. ஆனால் காது முழுக்கப் பின்னால்தான் இருந்தது. அவர் மூச்சு எங்கே இழுத்தாலும், "நில்லு" என்றாள். எட்வின் அதை வாங்கி முன்னால் இருந்தவரிடம் சொன்னான், அவர் அடுத்தவரிடம் சொன்னார், கோடியில் போகிறவர்வரை வார்த்தை போய்ச் சேர்ந்து எல்லோரும் நின்றார்கள். விசில் அடங்கியதும், "போலாம்" என்றாள். இறக்கமான பாதையில் இருபது பேரும் காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு நின்று நின்று போனார்கள், நாங்களும்தான். உச்சி லைன் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது, ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை.